லேபை விட்டு பயோடெக் தலைமைக்கு: நரம்பியல் ஆய்வாளர் எந்த வழியில் போவது?

சொந்த லேப் நடத்தும் நரம்பியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டெனியூர் (நிரந்தரப் பதவி) கிடைத்தாயிற்று. லேபில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனி நரம்பியல் பிரிவுக்குத் தலைமை ஏற்கக் கூப்பிடுகிறது. இன்னொரு பக்கம், எங்கள் கண்டுபிடிப்பை வைத்தே ஸ்டார்ட்அப் தொடங்கலாம் என்று ஒரு முதலீட்டாளர் விடாமல் போன் செய்கிறார். போகலாமா, இருக்கலாமா?"

கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு தட்டில் சம்பளத்தையும் மறு தட்டில் சுதந்திரத்தையும் வைத்து எடை போடுகிறார்கள். சம்பளம் எங்கே அதிகம் என்று சொல்ல ஒரு கட்டுரை வேண்டியதில்லை. சுதந்திரக் கணக்கில்தான் பலரும் இடறுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் உங்கள் ஆராய்ச்சியை யாரும் வந்து நிறுத்துவதில்லை. கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) வராமல், ஆள் குறைந்து, தானே மெலிந்து நின்றுபோகும். கம்பெனியில் தேதி குறித்து, கூட்டம் கூட்டி நிறுத்துவார்கள். தலைமைக்குப் போய்விட்டால் நிறுத்துகிறவரே நீங்கள்தான். ஆகவே நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஓர் ஆராய்ச்சியைக் கைவிடும் அதிகாரம் யாரிடம் இருந்தால் உங்களால் ஏற்றுக்கொள்ள முடியும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றவற்றைப் பேசுவது எளிது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நிறுத்தும் அதிகாரம். மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்ட மருந்துகளிலேயே பத்தில் ஒன்று தேறினால் அதிகம். நரம்பியலில் நிலைமை இன்னும் மோசம். உயிரோடிருக்கும் நோயாளியின் மூளையிலிருந்து லேசில் திசு எடுத்துப் பார்க்க முடியாது. ரத்த-மூளைத் தடுப்பு பெரும்பாலான மூலக்கூறுகளை உள்ளே விடாது. எலிக்கு அல்சைமரோ மனச்சிதைவோ தானாக வருவதில்லை. மனநோய்ச் சோதனைகளில் வெற்று மாத்திரை விழுங்கியவர்களும் கணிசமாகத் தேறிவிடுகிறார்கள். எனவே இந்தத் துறையில் தலைமைப் பொறுப்பு என்றால், எந்தத் திட்டத்தை எப்போது கைவிடுவது என்ற முடிவுகளிலேயே நேரத்தில் பெரும்பகுதி போகும்.

கேள்வியின் பருவம். உங்கள் கையில் இருப்பது இயங்குமுறையா (மூளையில் ஒன்று எப்படி நடக்கிறது என்ற அறிவு), டார்கெட்டா (மருந்து குறிவைக்க வேண்டிய இலக்கு), மருந்தாகக்கூடிய மூலக்கூறா? "இந்த நியூரான் கூட்டம் பயத்தை அணைக்கிறது" என்பது அருமையான ஆராய்ச்சி. ஆனால் அதை வைத்து கம்பெனி தொடங்க முடியாது. "இந்தப் புரதத்தின் வேலையைக் குறைத்தால் இன்ன நோயாளிக்குப் பலன் இருக்கும், அந்த மரபணுவில் மாற்றத்தோடு பிறந்த மனிதர்களிடம் அதற்குச் சான்று இருக்கிறது" என்று சொல்லும் நிலைக்கு வந்தால் கதை வேறு.

பணம். எவ்வளவு வரும் என்பதோடு, எப்போது வரும், என்ன நிபந்தனையில் வரும் என்பதையும் பார்க்க வேண்டும். இதில் பேராசிரியர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்அப் பகுதியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

உங்களை நம்பி இருப்பவர்கள். ஆய்வேட்டின் நடுவில் நிற்கும் மாணவர், போஸ்ட்டாக்கின் (முனைவர் பட்டம் முடித்து லேபில் வேலை செய்பவர்) விசா, உங்கள் சொந்த விசா.

திரும்பும் வழி. ஐந்து வருடம் கழித்துக் கல்வி உலகம் உங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளுமா?

## வழி 1: பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டே வெளியே ஒரு கால்

பல பல்கலைக்கழகங்கள் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் வெளி ஆலோசனைப் பணிக்கு அனுமதிக்கின்றன. அதற்குள் கம்பெனிகளின் அறிவியல் ஆலோசனைக் குழுவில் இருக்கலாம். அன்றாட நிர்வாகத்தில் தலையிடாத இணை நிறுவனராகவும் இருக்கலாம். இதற்குப் பெரிய முன்னுதாரணம் நரம்பியல் ஆய்வாளர் எரிக் கேண்டல். கொலம்பியா பல்கலைக்கழகத்தை விடாமலேயே 1998இல் மெமரி ஃபார்மசூட்டிகல்ஸ் கம்பெனியை இணைந்து நிறுவினார். 2000இல் நோபல் பரிசு வந்தது. நினைவாற்றல் பற்றிய அடிப்படை அறிவியலில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை. இருந்தும் கம்பெனியிலிருந்து சந்தைக்கு வந்த மருந்து எதுவும் இல்லை. 2008இல் ரோஷ் என்ற பெரிய மருந்துக் கம்பெனி அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. பயோடெக் கணக்கில் அது சொற்பத் தொகை. கேண்டலின் லேபோ ஒரு நாளும் நிற்கவில்லை. இந்த வழியின் பலம் அதுதான்: கம்பெனி விழுந்தால் நீங்கள் விழமாட்டீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, கண்டுபிடிப்பு உங்கள் சொத்து அல்ல. அமெரிக்காவில் 1980இன் பே-டோல் சட்டத்துக்குப் பிறகு, அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள முடியும். நீங்கள் நிறுவிய கம்பெனியும் பல்கலைக்கழகத்திடம் போய் உரிமம் பெற வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை முதலீட்டாளர் காத்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, முரண்நலன் விதிகள்: பல்கலைக்கழகப் பொறுப்பும் கம்பெனி லாபமும் மோதாமல் பார்த்துக்கொள்ளும் விதிகள். உங்கள் மாணவர் கம்பெனிக்காக ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சாதாரணச் சோதனை) ஓட்டினாலும் சிக்கல்தான். லேபுக்கும் கம்பெனிக்கும் நடுவே சுவர் வேண்டும். அந்தச் சுவரைக் காகிதத்திலும் காட்ட வேண்டும்.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அன்றாட நிர்வாகத்தில் இல்லாத நிறுவனருக்கு, எதை நிறுத்துவது என்ற கூட்டத்தில் குரல் இருக்காது. உங்கள் மூலக்கூறைக் கைவிட்ட செய்தி ஒரு மின்னஞ்சலில் வந்து சேரும்.

இதற்கிடையே கிராண்ட் ஓட்டம் ஓயாது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் தரும் ஆர்-01 கிராண்ட் அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு. வழக்கமான வடிவத்தில் நேரடிச் செலவுக்கு வருடம் 2,50,000 டாலர் வரை. ஐந்து விண்ணப்பத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் தேறும் என்பது பல வருடங்களாகவே நிலவரம். ஒரு போஸ்ட்டாக், இரண்டு மாணவர், ஒரு டெக்னீஷியன், எலிக்கூண்டு வாடகை என்று எழுதத் தொடங்கினால் அந்தத் தொகை எவ்வளவு வேகமாகக் கரையும் என்று லேப் நடத்துகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கேள்வி இன்னும் இயங்குமுறைக் கட்டத்தில் இருந்தால் இந்த வழிதான் சரி. அவசரப்பட்டு வெளியே எடுத்துப் போனால் கேள்விக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. மாணவர்களைப் பயிற்றுவிப்பதுதான் வேலையிலேயே உங்களுக்குப் பிடித்த பகுதி என்றாலும் இங்கேயே இருங்கள். கம்பெனியில் நல்ல இளைஞர்கள் கிடைப்பார்கள்; ஆனால் ஐந்து வருடம் ஒரே கேள்வியோடு உங்கள் அருகில் உட்கார்ந்து வளர்கிற மாணவர் அங்கே கிடைக்கமாட்டார்.

## வழி 2: பெரிய கம்பெனியில் நரம்பியல் ஆராய்ச்சித் தலைமை

ஜெனென்டெக் என்ற அமெரிக்க பயோடெக் கம்பெனி இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம். சினாப்ஸில் (நரம்பு செல்களின் சந்திப்பில்) வேதிச் செய்தியைச் சுமக்கும் நுண்பைகளான வெசிக்கிள்கள் எப்படிச் சவ்வோடு இணைகின்றன என்று கண்டறிந்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஷெல்லர் 2001இல் ஸ்டான்ஃபோர்டை விட்டு அங்கே ஆராய்ச்சித் தலைமைக்குப் போனார். வளரும் நரம்பு இழைக்கு (ஆக்ஸானுக்கு) வழிகாட்டும் நெட்ரின் புரதங்களைக் கண்டுபிடித்த மார்க் டெஸ்ஸியே-லவீன் 2003இல் போனார். எம்ஐடியிலிருந்து மார்கன் ஷெங் 2008இல் நரம்பியல் பிரிவுத் தலைவராகப் போனார். மூவரும் கிராண்ட் கிடைக்காமல் ஓடிப்போனவர்கள் அல்ல; புகழின் உச்சியில் இருந்தபோது போனவர்கள். ஷெல்லருக்கு 2013இல் அதே துறையின் தாமஸ் சூடோஃபோடு சேர்த்து, மருத்துவ ஆராய்ச்சிக்கான பெரிய பரிசான லாஸ்கர் விருது கிடைத்தது. அதே ஆண்டு அதே துறைக்கு வந்த நோபல் பரிசில் சூடோஃப் பெயர் இருந்தது, ஷெல்லர் பெயர் இல்லை. மூன்று பேருக்கு மேல் கொடுப்பதில்லை என்ற விதி ஒருபுறம் இருக்க, கல்வி உலகிலேயே இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்று துறைக்குள் பேசிக்கொள்ளத்தான் செய்வார்கள். அதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கேள்வி இப்போதே உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், வழி 2 உங்களுக்கு அவ்வளவு ஒத்துவராது.

வேலை நாள் எப்படி இருக்கும்? ஒரு திட்ட மறுஆய்வுக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். லேபில் உங்களைப் பெருமைப்பட வைத்த தரவு ஒன்று இருக்கிறது: மோரிஸ் வாட்டர் மேஸ் தொட்டியில் மருந்து பெற்ற எலிகள் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மேடையைப் பாதி நேரத்தில் கண்டுபிடித்தன. லேப் மீட்டிங்கில் இதற்குக் கைதட்டு விழும். இந்தக் கூட்டத்தில் அது ஸ்லைடின் மூலையில் ஒரு சிறு படம். கேள்விகள் வேறு திசையிலிருந்து வரும். டார்கெட்டுக்கு மனித மரபணுச் சான்று என்ன? மருந்து மூளைக்குள் போய்ச் சேர்ந்ததை மூளை-தண்டுவடத் திரவத்தில் அளப்பீர்களா, பெட் ஸ்கேனில் பார்ப்பீர்களா? எந்த நோயாளிக்கு, நோயின் எந்தக் கட்டத்தில்? பலன் தெரிய எத்தனை மாதம்? லெகனிமாப் என்ற அல்சைமர் மருந்தின் இறுதிக்கட்டச் சோதனைக்கு 1,795 நோயாளிகளும் ஆளுக்குப் பதினெட்டு மாதமும் தேவைப்பட்டன. உங்களுடையதற்கு எத்தனை பேர்? நச்சியல்காரர் ஒரு கேள்வி கேட்பார், மருந்து தயாரிப்புப் பிரிவினர் இன்னொன்று கேட்பார். அந்த அறையில் நரம்பியல் படித்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். முடிவில் "இந்தப் பணத்தை வேறு திட்டத்துக்குத் திருப்பினால் என்ன?" என்று ஒருவர் கேட்பார். அதற்கு "திருப்பலாம்" என்பதுதான் நேர்மையான பதில் என்றால், அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் குழுவில் மூன்று வருடம் அதற்காக உழைத்தவரிடம் மாலையில் போய்ச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

இன்னொரு பழக்கமும் புதிதாக இருக்கும். வெளியே வந்த எந்தக் கட்டுரையையும் கம்பெனி அப்படியே நம்பாது. முதலில் தானே செய்து பார்க்கும். புற்றுநோய்த் துறையின் 53 முக்கியமான ஆய்வுகளைத் தங்கள் லேபில் மறுபடி செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின என்று ஆம்ஜென் கம்பெனியின் ஆய்வாளர்கள் 2012இல் எழுதியது பெரிய சலசலப்பை உண்டாக்கியது. நாளை உங்கள் பழைய கட்டுரையும் அப்படிச் சோதிக்கப்படும், அதுவும் உங்கள் கண் முன்னாலேயே. பழைய கட்டுரைகள் பின்தொடரும் என்பதற்கு டெஸ்ஸியே-லவீனின் கதையே சாட்சி. பிறகு ஸ்டான்ஃபோர்டின் தலைவராகவே ஆன அவர், பல ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரைகளின் தரவுகள் மீது நடந்த விசாரணைக்குப் பின் 2023இல் பதவி விலகினார். அவரே தரவைத் திருத்தியதாக விசாரணைக் குழு சொல்லவில்லை. அவருடைய லேப்களில் மற்றவர்கள் செய்தவையே கேள்விக்குள்ளாயின. தலைமைப் பதவிக்குப் பேச்சு நடக்கும்போதே உங்கள் பழைய படங்களையும் மூலத் தரவுகளையும் ஒருமுறை உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்வது வீண் வேலை அல்ல.

இந்த வழியின் மிகப் பெரிய ஆபத்து உங்கள் திறமையோடு சம்பந்தப்பட்டதே இல்லை. முழுப் பிரிவையே மூடிவிடுவார்கள். 2010இல் ஜிஎஸ்கே மனச்சோர்வு, வலி ஆராய்ச்சிகளிலிருந்து விலகியது. 2012இல் ஆஸ்ட்ராஜெனிகா நரம்பியல் ஆராய்ச்சியைச் சில டஜன் பேர் கொண்ட சிறு பிரிவாகச் சுருக்கியது. 2018 ஜனவரியில் ஃபைசர் நரம்பியல் மருந்துக் கண்டுபிடிப்பிலிருந்தே வெளியேறுவதாக அறிவித்தது. சுமார் 300 வேலைகள் போயின. அடுத்த ஆண்டு ஆம்ஜென். இந்த முடிவுகளை எடுத்தவர்கள் நரம்பியல் தலைவர்கள் அல்ல, அவர்களுக்கும் மேலே இருந்தவர்கள். ஆக, ஒரு திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் உங்களிடம். உங்கள் பிரிவையே நிறுத்தும் அதிகாரம் வேறொருவரிடம்.

இத்தனைக்குப் பிறகும், மருந்து உருவாக்கத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி கிடையாது. டார்கெட் தேர்வு முதல் மருத்துவச் சோதனை வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும்; அடுத்தவர் பணத்தில் கற்றுக்கொள்ளலாம். கட்டுரை வெளியிட அனுமதிக்கிற, போஸ்ட்டாக் வைத்துக்கொள்ள விடுகிற கம்பெனியாகப் பார்த்துப் போனால் திரும்பும் வழியும் திறந்திருக்கும். ஷெங் 2019இல் பிராட் இன்ஸ்டிட்யூட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எம்ஐடிக்கும் போய்க் கல்வி உலகுக்குத் திரும்பினார். டெஸ்ஸியே-லவீன் 2011இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். கட்டுரைகள் நின்றுபோயிருந்தால் இந்தக் கதவுகள் திறந்திருக்க வாய்ப்பு குறைவு.

## வழி 3: ஸ்டார்ட்அப்பில் நிறுவனராக, சிஎஸ்ஓவாக, சிஇஓவாக

சிஎஸ்ஓ (தலைமை அறிவியல் அதிகாரி) பதவிக்கும் சிஇஓ (தலைமை நிர்வாக அதிகாரி) பதவிக்கும் உள்ள தூரத்தை வெளியே இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சிஎஸ்ஓவின் நாளில் பாதியாவது அறிவியல் இருக்கும். சிஇஓவின் நாளில் அடுத்த முதலீட்டுச் சுற்று, போர்டு, வழக்கறிஞர், ஆள் எடுப்பது, அவ்வப்போது ஆள் குறைப்பது. வங்கியில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்ற எண் எந்நேரமும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். "கிராண்ட் எழுதும் தொல்லை இல்லை" என்று நினைத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. முதலீட்டாளர்களுக்குக் கதை சொல்வதும் கிராண்ட் எழுதுவதுதான். நிராகரித்தவர் ஏன் நிராகரித்தார் என்று இங்கே விமரிசனக் குறிப்பு வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே ஒரு மருந்தை நம்பி நிற்கும் கம்பெனியில் நிறுத்தும் அதிகாரம் பேருக்குத்தான் உங்களுடையது. பெர்க்லியில் நரம்பு வளர்ச்சி ஆராய்ச்சியின் முன்னணியில் இருந்த கோரி குட்மேன், அங்கிருந்து வெளியேறி ரெனோவிஸ் கம்பெனியின் சிஇஓ ஆனார். பக்கவாதத்துக்கான அதன் என்எக்ஸ்ஒய்-059 மருந்தை ஆஸ்ட்ராஜெனிகா சோதித்தது. 2006 தொடக்கத்தில் வெளியான முதல் பெரிய சோதனையில் பலன் தெரிந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில், 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற இரண்டாவது சோதனையின் முடிவு வந்தது: பலன் இல்லை. பங்கு விலை சரிந்தது. பின்னர் எவோடெக் என்ற கம்பெனி ரெனோவிஸை வாங்கிக்கொண்டது. குட்மேன் 2007இல் ஃபைசருக்குப் போய், பிறகு முதலீட்டுத் துறைக்கு மாறினார். நல்ல அறிவியலாளர், நல்ல கூட்டாளிக் கம்பெனி, முறையான சோதனை. இருந்தும் இப்படித்தான் நடந்தது. நரம்பியலில் இது விதிவிலக்கு அல்ல.

இப்போது அந்தப் பணக் கணக்கு. வேலைக் கடிதத்தில் "1,50,000 ஸ்டாக் ஆப்ஷன்" என்று எழுதியிருக்கும்; குறித்த விலையில் அத்தனை பங்கு வாங்கும் உரிமை அது. மொத்தம் எத்தனை பங்கு என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆப்ஷன்கள் உட்பட மொத்தம் 3 கோடி பங்கு என்று வைத்துக்கொள்வோம், உங்களுடையது 0.5 சதவீதம். இரண்டு முதலீட்டுச் சுற்றுகளில் ஒவ்வொன்றிலும் புதுப் பங்குகள் வந்து உங்கள் பங்கு 20 சதவீதம் நீர்த்தால் 0.32 சதவீதம் ஆகிவிடும். கம்பெனி 20 கோடி டாலருக்கு விற்பனையாகிறது. பேப்பரில் உங்கள் பங்கு 6,40,000 டாலர். ஆனால் முதலீட்டாளர்கள் மொத்தம் 18 கோடி போட்டிருக்கிறார்கள்; அவர்களிடம் 70 சதவீதம் பங்கு; போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 70 சதவீதத்தை எடுத்தால் அவர்களுக்கு 14 கோடிதான். எனவே முன்னுரிமையைப் பயன்படுத்தி 18 கோடியை எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 2 கோடி. அதை மற்ற 30 சதவீதத்தினர் பிரித்துக்கொள்ளும்போது உங்களுக்கு வருவது சுமார் 2,13,000 டாலர்; அதிலும் ஆப்ஷன் வாங்கும் விலையையும் வரியையும் கழிக்க வேண்டும். விற்பனை 18 கோடிக்கோ அதற்குக் கீழோ நடந்திருந்தால் உங்களுக்குப் பூஜ்யம். ஆப்ஷன்கள் பொதுவாக நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் ஒரு வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை. விலகிய பிறகு வழக்கமாக 90 நாளுக்குள் சொந்தப் பணம் போட்டு வாங்காவிட்டால் கையில் வந்ததும் காலாவதி.

அப்படியானால் ஏன் போகிறார்கள்? பெரிய கம்பெனி கைவிட்டதைச் சின்னக் கம்பெனிதான் எடுத்துப் பார்க்கும். ஜனோமெலின் கதையைவிட இதற்கு நல்ல உதாரணம் இல்லை. 1990களில் எலி லில்லி அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்த மூலக்கூறு அது. மாயக்காட்சி, மனப்பிரமை போன்ற தொந்தரவுகள் குறைந்தன. ஆனால் குமட்டலும் வாந்தியும் தாங்காமல் பலர் விலகினார்கள். மருந்து பரணுக்குப் போனது. பல ஆண்டு கழித்து கருணா தெரப்யூட்டிக்ஸ் என்ற சிறு கம்பெனி, சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கொடுக்கும் பழைய மருந்தான டிராஸ்பியத்தை அதோடு சேர்த்தது. டிராஸ்பியம் மூளைக்குள் அநேகமாகப் போகாது; குடலில் ஜனோமெலின் செய்யும் கலவரத்தை மட்டும் அடக்கும். 2018 முதல் 2023 தொடக்கம் வரை அந்தக் கம்பெனியின் சிஇஓவாக இருந்தவர் ஸ்டீவன் பால். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்து லில்லிக்குப் போனவர். ஜனோமெலினை அங்கேயே அறிந்தவர். 2023 டிசம்பரில் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் கருணாவை 1,400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2024 செப்டம்பரில் மனச்சிதைவுக்கான மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. பெரிய கம்பெனியில் எது ஏன் நிறுத்தப்பட்டது என்று உள்ளிருந்து பார்த்த ஒருவர், பிற்பாடு சின்னக் கம்பெனியை நடத்தியிருக்கிறார்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜனோமெலின் குறிவைக்கும் அதே மஸ்கரினிக் ஏற்பிக் குடும்பத்தைக் குறிவைத்த எம்ராக்ளிடின் என்ற மருந்துக்காக, ஃபைசரின் நரம்பியல் சொத்துகளிலிருந்து பிறந்த செரவெல் கம்பெனியை ஆப்வி என்ற பெரிய மருந்துக் கம்பெனி 870 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 நவம்பரில் அந்த மருந்து இரண்டாம் கட்டச் சோதனைகளில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

மூலக்கூறோ உறுதியான டார்கெட்டோ கையில் இருந்து, தோல்வியடைந்தாலும் குடும்பப் பொருளாதாரம் ஆட்டம் காணாத நிலையில் இருந்து, தினமும் அந்நியரிடம் பணம் கேட்கத் தயங்காதவராகவும் இருந்தால் வழி 3. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் காத்திருக்கச் சொல்வேன்.

## வழி 4: முதலீட்டு நிறுவனத்தோடு

வென்ச்சர் கேபிடல் நிறுவனங்கள் சில, அறிவியலாளரை உள்ளே உட்காரவைத்துப் புதிய கம்பெனிகளைத் தாமே உருவாக்குகின்றன. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான யோசனைகளைப் பார்த்து, கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" சொல்லும் வேலை. பரந்து வாசிக்கப் பிடிப்பவருக்கு நல்ல இடம். ஒரே கேள்வியில் ஆழ்ந்து போக விரும்புகிறவர் ஆறே மாதத்தில் சலித்துவிடுவார்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | பல்கலைக்கழகம் + ஆலோசனை | பெரிய கம்பெனித் தலைமை | ஸ்டார்ட்அப் தலைமை |
|---|---|---|---|
| திட்டத்தை நிறுத்துவது | லேபில் நீங்கள் அல்லது கிராண்ட் பஞ்சம்; கம்பெனியில் குரல் இல்லை | நீங்களும் குழுவும்; பிரிவின் தலைவிதி மேலிடத்தில் | போர்டும் வங்கி இருப்பும் |
| ஏற்ற பருவம் | இயங்குமுறை | டார்கெட் முதல் மருத்துவச் சோதனை வரை | மூலக்கூறு அல்லது உறுதியான டார்கெட் |
| பணம் | நிலையானது, குறைவு | அதிகம், கணிக்கக்கூடியது | சம்பளம் நடுத்தரம். பங்கு பெரும்பாலும் பூஜ்யம், அபூர்வமாகப் பெரும் தொகை |
| மறைந்த செலவு | உரிமப் பேச்சு, முரண்நலன் விதிகள் | பிரிவு மூடல், வெளியீட்டுக் கட்டுப்பாடு | நீர்ப்பு, முன்னுரிமைப் பங்கு, 90 நாள் கெடு |
| திரும்பும் வழி | தேவையே இல்லை | வெளியீடு தொடர்ந்தால் உண்டு | கடினம். வேறு கம்பெனிக்குப் போவது எளிது |

## என் சாய்வு

இரண்டு அழைப்புகளும் ஒரே நேரத்தில் வந்திருந்தால், முதலில் வழி 2, நான்கைந்து வருடம் கழித்து வழி 3 என்றுதான் சொல்வேன். டெனாலி தெரப்யூட்டிக்ஸ் 2015இல் 21.7 கோடி டாலர் முதலீட்டோடு தொடங்கியபோது அதை நிறுவிய மூவரும் ஜெனென்டெக்கில் வேலை பார்த்தவர்கள். சிஇஓ ரயன் வாட்ஸ் அங்கே நரம்பியல் ஆராய்ச்சியை நடத்தியவர். ரத்த-மூளைத் தடுப்பை எப்படிக் கடப்பது என்ற பிரச்சினையைப் பெரிய கம்பெனியிலேயே மோதிப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நேராக சிஇஓ நாற்காலிக்குப் போகிறவர் இந்தப் பாடத்தை முதலீட்டாளர் பணத்தில், கடிகாரம் ஓட ஓடக் கற்க வேண்டியிருக்கும். பாதி வழியில் போர்டு அனுபவசாலி ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைப்பதும் சகஜம்.

## கையெழுத்துப் போடும் முன்

பெரிய கம்பெனியிடம் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் நரம்பியலில் எந்தெந்தத் திட்டங்களை நிறுத்தினீர்கள், யார் முடிவு செய்தார்கள், அந்தக் குழுவினர் இப்போது எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் அதையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கிருந்து விலகிய இருவரிடம் தனியாகப் பேசுங்கள். ஸ்டார்ட்அப்பிடம் கேட்க வேண்டியவை: மொத்தப் பங்கு எண்ணிக்கை, இதுவரை திரட்டிய தொகை, முன்னுரிமை ஒரு மடங்கா அதற்கு மேலா, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு, நீங்கள் நீக்கப்பட்டால் கைக்கு வராத ஆப்ஷன்கள் என்னவாகும். இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் சேர வேண்டாம்.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் கவனிக்க: பல்கலைக்கழக வேலை ஆண்டு உச்சவரம்புக்குள் வராது. கம்பெனிக்கு மாறும்போது, முன்பு உச்சவரம்புக்குள் கணக்கிடப்படாதவராக இருந்தால், நீங்களும் லாட்டரிக்குள் போக வேண்டும். இது உங்கள் போஸ்ட்டாக்கையும் கூட அழைத்துப் போகும் திட்டத்தைச் சேர்த்தே கவிழ்க்கும்.

மாணவர்கள் விஷயத்தில் தேதியை அவர்கள் பக்கமிருந்து வையுங்கள். ஆய்வேடு முடிக்க ஒரு வருடத்துக்குள் இருப்பவர் உங்களோடே முடிக்கட்டும். அதற்குக் கௌரவப் பேராசிரியர் (அட்ஜங்க்ட்) மாதிரியான பதவி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் இருப்பவருக்கு வேறு லேப் தேடிக்கொடுத்துவிட்டு அறிவியுங்கள். கிராண்ட் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், உங்கள் கூடவே வராது. எலி வகைகளையும் செல் வரிசைகளையும் எடுத்துப் போகப் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ராஜினாமாக் கடிதம் எழுதும் முன், சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். ஒன்று அல்லது இரண்டு வருடம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கேட்கும்போதே, விடுப்புக் காலத்தில் நீங்கள் கண்டுபிடிப்பது யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். வாங்காவிட்டால், கம்பெனியின் முதல் காப்புரிமை விண்ணப்பத்தன்று இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் உங்களைக் கூப்பிடுவார்கள்.